ஒரு யார்ட் தூரமும் என்ர வாயும்

1

லண்டனுக்கு வந்த இருபத்தாறு வருஷத்திலை நான் ஒரு விளையாட்டின்ர முடிவையும் மாத்தினதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாத்திப்போட்டன். மைதானத்துக்குள்ளை கால் வைக்காமல், கையிலை பாதி கடிச்ச றோல்ஸ் பலகாரத்தோடை, கோட்டுக்கு வெளியாலை நிண்டுகொண்டு மாத்தினனான். அதுவும் என்ர சொந்தப் பிள்ளையின்ர பக்கம் தோக்கிற மாதிரி. ஊரிலை இருக்கிற நீங்கள் வேறை ஆரும் சொல்லிக் கேள்விப்பட முதல் நானே சொல்லிப்போடுறது நல்லது எண்டு எழுத இருந்திட்டன். என்ர மச்சான் ரூபன், மனுசியின்ர தம்பி, குட்மேய்ஸிலை இருக்கிறவன், இதுக்குள்ளை பாதி உலகத்துக்குப் போன் எடுத்திருப்பான்.

நான் இல்ஃபோர்ட்டிலை இருந்து பஸ் ஓடுறன். எட்டு மணித்தியாலம் கண்ணாடிக் கூட்டுக்குள்ளை இருக்கிற வேலை. சனத்தோடை கதைக்கக் கூடாது, சனமும் என்னோடை கதைக்கக் கூடாது எண்டு கண்ணாடியிலை ஒட்டியும் இருக்கு. அப்பிடி ஒரு கிழமை வாயைப் பூட்டி வைச்சிருக்கிறவன் லீவு நாளிலை என்ன செய்வான் எண்டு நீங்களே யோசியுங்கோ. உங்களுக்கு ஓவர்டைம் வாயாலைதான் எண்டு மனுசி சொல்லுவாள்.

என்ர மூத்த பெடியன் பிரணவன். வயது இருபது. கம்பஸிலை இரண்டாம் வருஷம் எஞ்சினியரிங் படிக்கிறான், அல்லது படிக்கிறான் எண்டு நான் நம்பிக்கொண்டிருக்கிறன். அங்கை அவன் அமெரிக்கன் புட்போல் விளையாடுறான். இங்கிலாந்திலை இருந்துகொண்டு ஏன் அமெரிக்கன்ர விளையாட்டு எண்டு என்னைக் கேக்காதேங்கோ. நான் அவனைக் கேட்டனான், அவன் தோளைக் குலுக்கிக் காட்டிப்போட்டு பிரிட்ஜைத் திறக்கப் போயிட்டான்.

2

கன காலம் அந்த விளையாட்டை நான் ஒரு அடிபிடி எண்டுதான் நினைச்சிருந்தனான். தலையிலை சட்டி, தோளிலை பலகை, இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். விசில் ஊத எல்லாரும் ஒருத்தருக்கு மேலை ஒருத்தர் விழுவினம். பிறகு எழும்பி, ஒரு நிமிஷம் வட்டமா நிண்டு கதைச்சிட்டு, திரும்பவும் விழுவினம். எங்கட ஊர்ச் சங்கக் கூட்டமும் இப்பிடித்தான் நடக்கிறது, தலையிலை சட்டி மட்டும் இல்லை.

சட்டம் பெரிய கஷ்டமில்லை. பந்து வைச்சிருக்கிற பக்கத்துக்கு நாலு தரம் சந்தர்ப்பம். நாலு தரத்துக்குள்ளை பத்து யார்ட், ஒரு முப்பதடி, முன்னுக்குப் போகோணும். போனால் திரும்ப நாலு தரம் கிடைக்கும். போகேலாட்டில் பந்து மற்றவைக்கு. பந்தைக் கையிலை எடுத்து இதை நடத்திறவனுக்குப் பேர் குவாட்டர்பேக். வழக்கமா அவன் தூரத்துக்கு எறிவான், இல்லாட்டில் பக்கத்திலை நிக்கிற ஓட்டக்காரன்ர கையிலை குடுத்துப்போட்டு நிண்டு புதினம் பாப்பான்.

என்ர மோனும் குவாட்டர்பேக்தான். இந்தச் சொல்லை நான் ஆறு மாசமா டிப்போவிலை, கோயிலிலை, தலைமயிர் வெட்டுற கடையிலை எண்டு ஒரு இடம் விடாமல் புழுகித் திரிஞ்சனான். புழுகேக்கை ஒரு சின்ன விஷயத்தை விட்டிட்டன். அவன் முழு நேரக் குவாட்டர்பேக் இல்லை. முழு நேரத்துக்கு ஒலிவர் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் இருக்கிறான். பனை உயரம், எறிஞ்சால் பந்து சொன்ன இடத்திலை போய் விழும். என்ர மோன் எறிஞ்சால் பந்து எங்கை விழும் எண்டு பந்துக்கே தெரியாது. ஆனால் மனுசியின்ர பக்கத்து உடம்பு அவனுக்கு, கட்டை, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலை எல்லை இல்லை. பத்திலை ஒன்பது யார்ட் போய் ஒரு யார்ட் மிச்சம் கிடக்கேக்கை ஒலிவர் வெளியாலை வருவான், இவன் உள்ளுக்குப் போவான். பந்தைத் தானே அணைச்சுக்கொண்டு இடிச்சு விழுவான். எழும்பி வெளியாலை வந்து வாங்கிலை இருப்பான். அவ்வளவுதான் வேலை.

ஏன் ஓடுற குவாட்டர்பேக்கை அந்த நேரம் இறக்கிறது எண்டால், அதிலை ஒரு கணக்கு இருக்கு. பந்தை வேறை ஆளின்ர கையிலை குடுத்துப்போட்டு குவாட்டர்பேக் சும்மா நிண்டால் அவன்ர பக்கத்திலை ஒரு ஆள் வீண். அவனே ஓடினால், ஓட்டக்காரனும் முன்னாலை போய் ஒருத்தனை மறிக்கலாம். கலியாண வீட்டிலை மேற்பார்வை பாக்கிறவரும் சாம்பார் வாளியைத் தூக்கினால் பந்தி கெதியா முடியுமெல்லே, அந்த மாதிரி. இந்தக் கணக்கு விளங்கின நாளிலை இருந்து எனக்கு அந்த விளையாட்டிலை ஒரு மரியாதை வந்திட்டுது.

அதோடை, ஒரு யார்ட் எண்டது எனக்குத் தெரிஞ்ச சாமான். கிளித்தட்டிலை கோட்டிலை ஒருத்தன் கையை விரிச்சுக்கொண்டு நிப்பான், அவனைப் பேய்க்காட்டி அந்தக் கோட்டைத் தாண்டோணும். எவ்வளவு வேகமா ஓடுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை, தாண்டினியோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. நான் கிளித்தட்டு வீரன் எண்டு எழுதினால் என்னோடை படிச்சவை வாசிச்சுச் சிரிப்பினம். நான் நெடுக முதல் கோட்டிலையே அடி வாங்கி வெளியாலை வந்து, மிச்ச நேரம் மற்றவைக்கு எப்பிடி விளையாடுறது எண்டு கத்திக்கொண்டு நிக்கிறவன்.

3

போன கார்த்திகையிலை பயிற்சி செய்யேக்கை அவன்ர தோள்மூட்டு விலகிட்டுது. எனக்கு அது தெரிய வந்தது இரண்டு நாளைக்குப் பிறகு, ரூபன் வாய் தவறிச் சொல்லி. கிளப்பிலை சேரேக்கை ஒரு போர்ம் நிரப்புறது. அவசரம் எண்டால் ஆரைக் கூப்பிடோணும் எண்டு அதிலை ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ளை என்ர பிள்ளை மாமாவின்ர பேரை எழுதி வைச்சிருக்கிறான்.

நான் கம்பஸுக்குப் போன் எடுத்தன். அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டுக் காட்டிப்போட்டு ஒரு பொம்பிளை வந்தா. சரியான மரியாதை. பிள்ளைக்குப் பதினெட்டு தாண்டிட்டுது, அவன் சம்மதிக்காமல் அவன் அங்கை படிக்கிறானோ இல்லையோ எண்டுகூடச் சொல்லேலாது எண்டா. நான் அவன்ர அப்பா எண்டன். அதையும் அவன்தான் உறுதிப்படுத்தோணும் எண்டு சொல்லி, வேறை ஏதும் உதவி வேணுமோ எண்டும் கேட்டா.

பிரணவனைக் கேட்டன். நீங்கள் பஸ் ஓடேக்கை போன் எடுக்கிறதில்லை, அதுதான் எண்டான். நியாயம்தான், போன் எடுத்தால் என்ர வேலை போயிடும். ஆனால் அந்த நியாயத்தோடை நான் இரண்டு கிழமை சாப்பாடு இறங்காமல் திரிஞ்சனான்.

அவன் என்னோடை கோபம் இல்லை. கோபம் எண்டால் பேசித் தீர்க்கலாம். அவன் சும்மா தள்ளிப் போயிட்டான். நான் தமிழிலை ஒண்டு கேட்டால் இங்கிலிஷிலை பதில் வரும், அதுவும் ஒரு சொல்லிலை. பத்து வயதிலை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டவன், அதுக்குப் பிறகு அவன்ர வாயிலை இருந்து வந்த தமிழ் அப்பா, அம்மா, மாமா, பசிக்குது, காணும். இவ்வளவும்தான். பெடியனுக்குத் தமிழ் போயிட்டுது, அதோடை நானும் போயிட்டன் எண்டு நான் மனசுக்குள்ளை முடிவு கட்டிட்டன்.

4

அதாலைதான் போன சனிக்கிழமை எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. அடுத்த நாள் மட்ச் மேற்கு லண்டனிலை, சவுத்தாலுக்குக் கிட்ட. அதுக்காக அவன் வீட்டிலை வந்து தங்கினவன். குசினியிலை வந்து இருந்து, நான் ஒண்டும் கேக்காமல் தானாக் கதைக்கத் தொடங்கினான். எல்லாம் இங்கிலிஷிலைதான், நான் தமிழிலை எழுதுறன்.

பிரச்சினை என்னெண்டால், இவன் உள்ளுக்கு வந்தாலே எல்லாருக்கும் விளங்கியிடுது. இவன் எறியமாட்டான், நடுவுக்காலை இடிக்கத்தான் வாறான் எண்டு. முந்தின இரண்டு மட்சிலும் எதிராளியள் எல்லாரும் நடுவிலை வந்து குவிஞ்சு, இவனை நிண்ட இடத்திலையே மடக்கிப்போட்டாங்கள். ஞாயிற்றுக்கிழமை வருஷத்தின்ர கடைசி மட்ச். அதிலையும் பிழைச்சால் அந்த ஒரு யார்ட் வேலை அடுத்த வருஷம் வேறை பெடியனுக்கு எண்டு கோச் சொல்லிப்போட்டார். ஒலிவரின்ர இடம் எனக்குக் கிடைக்காது அப்பா, இதுவும் போனால் நான் அங்கை ஆருமில்லை எண்டான். அதைச் சொல்லேக்கை என்ர முகத்தைப் பாக்கேல்லை.

அதுக்காகப் புதுசா ஒண்டு பழகியிருக்கிறாங்கள். மேசையிலை வைச்சுக் காட்டினான். ஐஞ்சு வெங்காயம் முன்வரிசை. ஒரு உள்ளிப்பல்லு, பூண்டுதான், அது ஓட்டக்காரன். எலுமிச்சங்காய் அவன். பந்துக்கு ஒரு கராம்பு. எலுமிச்சங்காய் பந்தை உள்ளிப்பல்லுக்குக் குடுக்கிற மாதிரிப் பாசாங்கு பண்ணும். உள்ளிப்பல்லு வெறுங்கையோடை நடுவுக்குள்ளை பாயும். எல்லாரும் அதுக்கு மேலை விழுவாங்கள். எலுமிச்சங்காய் பந்தை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இடக்கைப் பக்கத்தாலை சுத்தி ஓடியிடும். இதைக் காட்டிக்கொண்டிருக்கேக்கை மனுசி வந்து முன்வரிசையிலை இரண்டு பேரை எடுத்து வெட்டிச் சட்டிக்குள்ளை போட்டிட்டாள்.

மூண்டு தரம் திருப்பிக் கேட்டன். உண்மையைச் சொன்னால் முதல் தரமே விளங்கிட்டுது, அவன் கதைக்கட்டும் எண்டுதான் கேட்டனான். கடைசியிலை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அப்பா, நாளைக்கு வாறீங்களோ எண்டு கேட்டான். இரண்டு வருஷத்திலை அவன் என்னை மட்சுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். நான் ஆருக்கடா சொல்லப் போறன் எண்டன்.

5

நான், மனுசி, ரூபன். மனுசி அறுபது றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தவள். எந்த ரீமுக்கு எண்டு பாக்காமல் கையை நீட்டின எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு திரிஞ்சாள்.

பெரிய ஸ்டேடியம் எண்டு நினைச்சிடாதேங்கோ. சேத்துத் தரை, சுண்ணாம்புக் கோடு. பாக்க வந்த சனம் ஒரு எழுபது பேர் இருக்கும், அதுகளும் குளிரிலை சத்தமில்லாமல் நிண்டுதுகள். கோட்டுக்கு வெளியாலை எங்கையும் நிக்கலாம், பந்து போற பக்கம் நடந்தும் போகலாம். விளையாடுற பெடியளின்ர மூச்சுச் சத்தமே கேக்கும்.

நடு மட்சிலை ஒரு தரம் இவனை இறக்கினவை. நடுவுக்காலை இடிச்சு, அரும்பொட்டிலை, ஒரு மயிரிழையிலை தாண்டினான். ரூபன் விசில் அடிச்சான், நான் பக்கத்திலை நிண்ட வெள்ளைக்கார மனுசனுக்கு ஆள் ஆரெண்டு அறிமுகம் செய்து வைச்சன்.

கடைசி நிமிஷம். எங்கட பெடியள் நாலு புள்ளி பின்னுக்கு. பந்து கொண்டுபோய் எதிராளியின்ர எல்லைக்கோட்டுக்கு முன்னாலை நிக்குது. மூண்டு சந்தர்ப்பம் முடிஞ்சுது, நாலாவதுதான் மிச்சம். தேவை ஒரு யார்ட். தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி, இல்லாட்டில் வீட்டுக்குப் போகலாம். ஒலிவர் வெளியாலை வந்தான். என்ர பிள்ளை ஹெல்மெற்றை இறுக்கிக்கொண்டு உள்ளுக்குப் போனான்.

நானும் ரூபனும் நடந்து நடந்து அந்த எல்லைக்கோட்டுக்கு நேராவே வந்து நிண்டிட்டம். எலுமிச்சங்காய் சுத்தி ஓடப்போற பக்கம் அதுதான். எங்களுக்கு முன்னாலை, ஒரு பத்தடி தூரத்திலை, எதிர்ப்பக்கத்துக் காவல் பெடியன் ஒருத்தன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிஞ்சு நிக்கிறான். முதுகிலை ஐம்பத்திரண்டு எண்டு நம்பர். மற்றவங்கள் எல்லாரும் நடுவுக்கு நெருங்கி வாறாங்கள்.

ரூபன் பதறிப்போனான். அத்தான், உவங்கள் எல்லாரும் நடுவுக்குள்ளை குவியிறாங்கள், இவன் துலைஞ்சான் எண்டான். எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் இன்னொருத்தனுக்குத் தெரியாமல் இருக்கு. அதை என்ர வாய் எப்பிடித் தாங்கும்?

"நீ பேசாமல் பார். நடுவுக்காலை போற மாதிரிப் பேய்க்காட்டிப்போட்டு, பந்தைத் தானே வைச்சுக்கொண்டு நாங்கள் நிக்கிற இந்தப் பக்கத்தாலைதான் ஓடி வருவான். இந்த ஐம்பத்திரண்டும் விசரன் மாதிரி நடுவுக்குப் போகும், பார்."

டிப்போவிலை என்ஜின் சத்தத்துக்கு மேலாலை கதைச்சுப் பழகின குரல் என்ரது.

ஐம்பத்திரண்டின்ர ஹெல்மெற் மெல்லமாத் திரும்பினது. முழுசாத் திரும்பேல்லை, காது எங்கட பக்கம் வாற அளவுக்கு. பிறகு அவன் தன்ர ஆக்களைப் பார்த்து இங்கிலிஷிலை என்னவோ கத்தினான். நடுவுக்குப் போன காலைப் பின்னுக்கு எடுத்து, இரண்டு எட்டு எங்கட பக்கம் தள்ளி வந்து நிண்டான். என்ர வாய்க்குள்ளை இருந்த றோல்ஸ் அப்பிடியே நிண்டிட்டுது.

பந்து வந்தது. உள்ளிப்பல்லு நடுவுக்குள்ளை பாய்ஞ்சுது, பத்துப் பேர் அதுக்கு மேலை விழுந்தாங்கள். எல்லாம் குசினி மேசையிலை காட்டின மாதிரியே. எலுமிச்சங்காய் பந்தை ஒளிச்சுக்கொண்டு எங்கட பக்கம் சுத்தி வந்தது, அங்கை ஐம்பத்திரண்டு ஆறுதலா நிண்டு காத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மோதின சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கேக்கை என்ர பிள்ளை விழுந்தான்.

விசில் ஊதினது. அவன் எழும்பேல்லை, முகத்தைச் சேத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு கிடந்தான்.

6

இதை நீங்கள் வாசிச்சுப்போட்டு, மொக்கன் எண்டு சொல்லுவியள். சொல்லுங்கோ. ஆனால் இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

பயணம் வெளிக்கிட முதல் நான் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை ஏழு மாசம் இருந்தனான். சண்டைக் காலம், தமிழர் எண்டு தெரிஞ்சாலே பிடிச்சுக்கொண்டு போவாங்கள், அதாலை பஸ்ஸிலை ஏறினால் நாங்கள் தமிழிலை கதைக்கிறதில்லை. கதைச்சாலும் மூக்குக்குள்ளாலை. பகலிலை பக்கம் பார்த்துக் கதை, இராவிலை அதுவும் கதையாதை எண்டு பழமொழி சொல்லுறது, எங்களுக்கு அது பழமொழி இல்லை, உயிர் தப்புற வழி. ஒருநாள் பஸ்ஸிலை என்னோடை வந்தவன் மறந்துபோய்ச் சத்தமா நேரம் என்ன மச்சான் எண்டு கேட்டிட்டான். அடுத்த தரிப்பிலை இரண்டு பேரும் இறங்கி மிச்சத்தூரம் நடந்தே போனம்.

லண்டனுக்கு வந்த முதல் கிழமை, என்னோடை அறையிலை இருந்தவன் ட்ரெயினுக்குள்ளை எனக்கு முன்னாலை இருந்த மனுசன்ர மொட்டையைப் பற்றி முழுக் குரலிலை விமர்சனம் செய்தான். எனக்கு வேர்த்துப்போச்சு. மொட்டைக்காரன் பேப்பரை வாசிச்சுக்கொண்டே இருந்தான். ஒருத்தரும் திரும்பேல்லை, ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லை. அந்த நிமிஷத்திலை எனக்கு வந்த சந்தோஷத்தை எப்பிடிச் சொல்லுறது. எந்தப் பாஷைக்காக வாயை மூடிக்கொண்டு திரிஞ்சனோ, அதையே இஞ்சை கத்திக் கதைக்கலாம், ஒரு கதவுக்குப் பின்னாலை நிக்கிற மாதிரி.

அந்த நாளிலை இருந்து எங்களைப் பிடிக்க ஆளில்லை. டொக்டருக்கு முன்னாலை டொக்டரின்ர மூக்கைப் பற்றிக் கதைக்கிறம். கவுன்சில் ஒபீஸிலை, அங்கை வேலை செய்யிறவ பாத்துக்கொண்டிருக்க, அதைச் சொல்லாதை, சும்மா ஓம் எண்டு சொல்லு எண்டு மனுசிக்கு நான் பாடம் எடுத்திருக்கிறன். லண்டனிலை எவ்வளவு தமிழ்ச்சனம் இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியாதோ? இல்ஃபோர்ட் ரோட்டிலை நிண்டு தும்மினால் நூறு தமிழர் திரும்பிப் பாப்பினம். தெரிஞ்சும் கதைக்கிறம். வெள்ளைக்காரர் கூடின இடத்திலை எண்டால் பயமே இல்லை. சட்டி போட்ட தலையெல்லாம் வெள்ளைக்காரத் தலை எண்டு நானே முடிவெடுத்திட்டன்.

7

மட்ச் முடிஞ்சு பெடியள் கை குடுத்துக்கொண்டு நிக்கேக்கை ஐம்பத்திரண்டு ஹெல்மெற்றைக் கழட்டிக்கொண்டு எங்களிட்டை வந்தது. சாமத்தியவீட்டு, கலியாணவீட்டு வீடியோவிலை பின்னாலை நிக்கிற பெடியள் மாதிரி ஒரு முகம். நெத்தியிலை திருநீறு மட்டும்தான் இல்லை. கையிலை எங்கட றோல்ஸ் வேறை, மனுசி எப்பவோ குடுத்திருக்கிறாள்.

"சொறி அங்கிள். நீங்கள் சொன்னது காதிலை விழுந்திட்டுது" எண்டான், நல்ல வடிவான தமிழிலை.

மனுசிக்கு நடந்தது ஒண்டும் தெரியாது, தமிழ்ப் பிள்ளையைக் கண்ட புழுகத்திலை, தம்பி ஊரிலை எவ்விடம் எண்டு கேட்டாள். சவுத்தால் அன்ரி எண்டான். நல்ல பிள்ளை. அவனிலை ஒரு பிழையும் இல்லை. எதிர்ப்பக்கத்து ஆள் தன்ர காதுக்குள்ளை ரகசியத்தைக் கொண்டுவந்து ஊத்தினால் அவன் என்ன பஞ்சு வைச்சு அடைக்கிறதோ?

அந்தப் பக்கம் கோச் பிரணவனைப் பேசிக்கொண்டு நிக்கிறார். ஓடமுதல் நீ அந்தப் பக்கம் பாத்திட்டாய், உன்ர கண்ணே காட்டிக்குடுத்திட்டுது, உன்னை நம்பித்தான் இதைத் தந்தனான் எண்டு. அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு, ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான். செய்யாத பிழையை ஒத்துக்கொள்ளுறான்.

ரூபன் என்ர ஜக்கெற்றைப் பிடிச்சு இழுத்தான். அத்தான், வாயை மூடிக்கொண்டு காருக்குப் போங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது, அந்தப் பெடியனும் சொல்லமாட்டான் எண்டான். சரியான புத்திமதிதான். என்ன, ஒரு பத்து நிமிஷம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

கோச்சிட்டைப் போய்ச் சொன்னால் என்ர பிள்ளைக்கு முன்னாலை நான் முட்டாள், இனி ஒரு வெங்காயத்தையும் எனக்கு எடுத்துக் காட்டமாட்டான். போகாட்டில் அவன்ர இடம் போகும், ஏன் போனதெண்டும் அவனுக்குத் தெரியாது. எனக்குப் பயமாத்தான் இருந்தது. ஆனாலும் போனன்.

அவசரத்திலை எனக்கு இங்கிலிஷ் வாறதில்லை. ரகசியத்தை வெளியிலை விட்டது நான் எண்டு சொல்ல வெளிக்கிட்டு, "கோச், நான்தான் லீக்" எண்டிட்டன். நான் ஒண்டுக்குப் போக இடம் கேக்கிறன் எண்டு அவருக்கு விளங்கி, கக்கூஸ் இருக்கிற பக்கம் கை காட்டினார். பிறகு கையாலை, காலாலை, பாதித் தமிழிலை எல்லாம் விளங்கப்படுத்தினன். என்ர மோன் ஒருக்கா ஐம்பத்திரண்டைப் பாத்தான், ஒருக்கா என்னைப் பாத்தான்.

கோச் ஐம்பத்திரண்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் றோல்ஸை விழுங்கிப்போட்டு, ஓம் எண்டான். கோச் வானத்தைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பிரணவனிட்டை, அப்பா கத்தினது உனக்குக் கேட்டதோ, கேட்டிருந்தால் கடைசி நேரத்திலை ஆட்டத்தை மாத்திறதுக்கு உனக்கு அதிகாரம் இருந்ததே எண்டார். கேக்கேல்லை எண்டான் அவன்.

அப்பிடியெண்டால் பிழை இவனிலை இல்லை, ஆட்டமும் நல்ல ஆட்டம்தான், அடுத்த வருஷமும் ஒரு யார்ட்டுக்கு இவன்தான் எண்டு கோச் சொன்னார். என்னைப் பாத்து, நீங்களும் கட்டாயம் வாங்கோ, ஆனால் கார் நிப்பாட்டிற இடத்திலை இருந்து பாருங்கோ எண்டார். நான் தாங்க்ஸ் எண்டன். வேறை என்ன சொல்லுறது.

8

ரூபன் தன்ர காரிலை போயிட்டான், ரீம் பஸ்ஸிலை போகாமல் பிரணவன் எங்களோடை காரிலை ஏறினான். தோளிலை ஐஸ் பை. மனுசி முன் சீற்றிலை, சவுத்தால் தாண்ட முதலே நித்திரை. நோர்த் சேர்குலரிலை வழக்கம்போல வாகனம் அசையேல்லை, மழை தூறத் தொடங்கிட்டுது.

நான் சொறி எண்டு இங்கிலிஷிலை சொன்னன். அது பஸ் பிந்தினதுக்குச் சொல்லுற மாதிரி இருந்தது. தமிழிலை பிள்ளையளிட்டை மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எண்டாலும், பிழை விட்டிட்டன் மோனை எண்டன்.

பின் சீற்றிலை இருந்து ஐஸ் பையை மாத்திற சத்தம் வந்தது. சரி, இதுதான் இனி எங்கட கதை, ஒரு சொல்லும் வராது எண்டு நான் முன்னாலை நிண்ட காரின்ர சிவப்பு வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"அப்பா, எனக்குக் கேட்டது."

தமிழிலை சொன்னான். கொஞ்சம் உடைஞ்ச தமிழ், ஆனால் தமிழ்தான்.

"என்ன கேட்டது?"

"நீங்கள் மாமாவுக்குச் சொன்னது. எல்லாம் கேட்டது. எல்லாம் கரெக்டாச் சொன்னீங்கள்."

"அப்ப ஏனடா ஆட்டத்தை மாத்தேல்லை?"

சொல்லு சொல்லாத் தேடி எடுக்கிறான் எண்டு எனக்கு விளங்கிச்சு.

"தமிழிலைதானே சொன்னீங்கள். எங்களைத் தவிர ஆருக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

முன்னாலை நிண்ட கார் போயிட்டுது. பின்னாலை நிண்ட கார்க்காரன் ஹோர்ன் அடிச்சான், திரும்பவும் அடிச்சான். பதினேழு வருஷமா பஸ் ஓடுற எனக்கு, கியர் எங்கை கிடக்கு எண்டு தெரியேல்லை.